சக்கரம் வைத்த மாளிகை

வண்டி வியாபாரியின் பழுதுபார்க்கும் முற்றம், இந்தியானா
அக்டோபர் 3, 2022

அன்புள்ள நடீன் அக்காவுக்கு,

தங்கை ரோண்டா எழுதுகிறேன். நானும் வெண்டலும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி? ஃபோனில் நான் கத்துவதும் நீ "என்ன? என்ன?" என்பதும் இரண்டு பேருக்கும் கேவலமாக இருக்கிறது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

இந்நேரம் நாங்கள் ராக்கி மலைப்பக்கம் எங்காவது இருப்போம் என்று நினைத்திருப்பாய். இல்லை. ரெட் ஓக்கில் இருந்த வீட்டை விற்று வாங்கிய இந்த வீட்டு வண்டிக்குள், அதை விற்றவனுடைய முற்றத்திலேயே குடியிருக்கிறோம். பழுது பார்க்க வந்த இடத்தில் எங்களுக்கு வேர் விட்டுவிட்டது. விளம்பரத் தாளில் இதற்கு "சக்கரம் வைத்த மாளிகை" என்று பெயர். சக்கரம் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

முதல் நாளே அலமாரிக் கதவு என் கையோடு வந்துவிட்டது. அயோவா எல்லையில் பிரேக் போட்டபோது குளிர்சாதனப் பெட்டி தன் இடத்தை விட்டு நகர்ந்து வந்து எட்டிப் பார்த்தது. பட்டனை அழுத்தினால் பக்கச் சுவர் வெளியே நீண்டு அறை பெரிதாகும் என்றார்கள். நீண்டது. திரும்பி உள்ளே போகமாட்டேன் என்கிறது. சூடு வரும் குழாயைத் திறந்தால் மரத்தூள். தூளுக்குள் ஒரு காகிதப் பொட்டலம். கட்டியவன் தன் மதியச் சாப்பாட்டை உள்ளே வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறான். இந்த வண்டியிலேயே ஒழுங்காக மடித்துக் கட்டப்பட்டிருந்தது அந்தப் பொட்டலம் ஒன்றுதான்.

நான் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பிள்ளைகள் இருக்கைமேல் ஏறிக் குதித்தும் அந்தப் பேருந்தில் ஒரு திருகு கழன்றதில்லை.

பழுதுக்குப் பொறுப்பாக ட்ரென்ட் என்று ஒருவன் இருக்கிறான். தாடியைச் செதுக்கி வைத்திருக்கும் அழகில் பாதி அழகு அவன் வேலையில் இருந்தால் போதும். தினம் காலையில் போய் நிற்கிறோம். "பார்ட் இன்னும் வரல மேடம்" என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் வெண்டல் முந்திக்கொள்கிறார்: "பரவாயில்ல தம்பி, உங்க மேல தப்பில்ல." விதைக்கடைக் கவுண்டரில் நின்று நின்று என் புருஷனுக்கு வேறு வார்த்தையே வராமல் போய்விட்டது.

வெண்டல் உன்னை விசாரித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ரோண்டா


ப்ரோக்கன் போ, நெப்ராஸ்கா
அக்டோபர் 12

என் அருமைத் தங்கைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். முழங்கால் இல்லை, அது எனக்கு முன்பே போய்விட்டது.

வீட்டை விற்காதே என்று நான் சொன்னபோது, "உனக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு" என்று சிரித்தாய். சிரி. நன்றாகச் சிரி. நீ வாங்கியது வீடும் இல்லை, வண்டியும் இல்லை. வீடு என்றால் ஒழுகக்கூடாது, வண்டி என்றால் ஓடவேண்டும். உன்னுடையது இரண்டிலும் தோற்றுப்போன ஜந்து.

என் ஆர்வல் உயிரோடு இருந்தபோது ஒரு கோழிக்கூண்டு கட்டினார். மனுஷனுக்குத் தச்சுவேலை சுத்தமாகத் தெரியாது. சூறாவளியில் பக்கத்து வீட்டுக் கொட்டகை பறந்தது, இவர் கூண்டு நின்றது. உன் கம்பெனிக்காரனிடம் போய்ச் சொல், ஒரு கோழிக்குக் கொடுத்த மரியாதையை உனக்குக் கொடுக்கச் சொல்.

வெண்டலை ரொம்பவும் வறுத்து எடுக்காதே. உன் நாக்கு எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்தது.

வெண்டலுக்கு என் அன்பு.

அக்கா,
நடீன்


வண்டி முற்றம்
நவம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் மழை. கூரை ஒழுகுகிறது. சமையல் மேடைக்கு மேலே ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம். இது விளக்குக்குள் ஒழுகுகிறது. விளக்கு மீன்தொட்டி மாதிரி தண்ணீரோடு எரிந்தது. ஏணி வாங்கி நானே மேலே ஏறிப் பார்த்தேன். கூரை ஓரத்தில் பூசவேண்டிய பசையை ஒரு முழம் பூசி, ஒரு முழம் விட்டு, மறுபடி ஒரு முழம் பூசியிருக்கிறான். பூசியவனுக்கு நடுவில் யாரோ ஜோக் சொல்லியிருக்க வேண்டும்.

ட்ரென்டிடம் சொன்னேன். "மழை பெஞ்சா கொஞ்சம் ஈரம் வரத்தான் செய்யும் மேடம்" என்றான். அக்கா, அவன் இதைச் சிரிக்காமல் சொன்னான்.

நேற்று ஒரு முட்டை பொரித்துக்கொண்டு, ஒரு ரொட்டியைச் சுட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அடுப்பில் ஒரு பக்கம்தான் எரிகிறது. அது போதும்.

எதிர்ச்சாரியில் மெர்வின் ஹாக்ஸ்டெட்லர் என்று ஒரு ஆமிஷ் விவசாயி இருக்கிறார், காரும் மின்சாரமும் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிற கூட்டம். வேலி ஓரம் வந்து என் வண்டியின் பக்கச் சுவர் அப்பளம் மாதிரி உப்பியிருப்பதை வெகுநேரம் பார்த்தார். "இது எத்தன வருசத்து வண்டிம்மா?" என்றார். மே மாதம்தான் வாங்கியது என்றேன். தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் கழற்றுவது போல.

வெண்டல் நலம். உனக்கு அன்பு சொல்லச் சொன்னார்.

ரோண்டா


ப்ரோக்கன் போ
நவம்பர் 26

தங்கைக்கு,

பதில் தாமதம். கையில் வேலை இருந்தது. நான் நலம். நன்றி சொல்லும் நாளுக்கு வான்கோழி செய்தேன், நன்றாக வந்தது. முன்வாசல் கதவு இப்போது இறுக்கமாக மூடுகிறது. கூரைத் தகரக் கால்வாயில் இலை எல்லாம் எடுத்தாயிற்று.

குளிர் வந்துவிட்டது. அந்தத் தகரப் பெட்டிக்குள் வெண்டலுக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

அங்கே எல்லாம் சரிதானே? எழுது. ஒன்றும் விடாமல் எழுது.

நடீன்


வண்டி முற்றம்
டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. முழங்காலை வைத்துக்கொண்டு கூரைக் கால்வாயை யாரை வைத்துச் சுத்தம் செய்தாய்? கூலிக்கு ஆள் பிடித்தாயா? நீ கூலி கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லையே.

ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நீண்டு நின்ற அறை ஒருவழியாக உள்ளே போனது. உள்ளே போகும்போது தரையையும் சுருட்டிக்கொண்டு போனது. கிழிந்த தரைக்கு அடியில் பார்த்தால், பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் குழாயை இணைப்பில் ஒட்டவே இல்லை. சும்மா சொருகி வைத்திருக்கிறான். இத்தனை மாதமாகக் கழுவிய தண்ணீர் எல்லாம் என் காலுக்குக் கீழேயே குடியிருந்திருக்கிறது. பலகை கேக் மாதிரி விரலில் வருகிறது.

ட்ரென்ட் எட்டிப் பார்த்து, "இது நீங்க உபயோகிச்சதால வந்த சேதம். வாரண்டில வராது" என்றான். பாத்திரம் கழுவியது என் குற்றம். "அப்போ தம்பி, இந்த வண்டிய வாங்கி என்ன பண்ணணும்? மாலை போட்டுக் கும்பிடணுமா?" என்று கேட்டேன். "கோபப்படாதீங்க மேடம்" என்று காபி கொடுத்தான். காபியும் மட்டம்.

வெண்டல் இதோ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். சளி ஒன்றும் இல்லை. உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்கிறார்.

ரோண்டா


ப்ரோக்கன் போ
டிசம்பர் 17

ரோண்டா,

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரா? வாழ்த்தும் சொன்னாரா?

அடி பொய்க்காரி. உன் புருஷன் என் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கிறார். அக்டோபர் கடைசியில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். "வேற எங்க போறதுன்னு தெரியல" என்றார். கீழறையில் ஆர்வலுடைய கட்டில் இருந்தது, கொடுத்தேன். கதவு, கால்வாய் எல்லாம் அவர் வேலைதான்.

உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நீயாகச் சொல்வாய் என்று நானும் காத்திருந்தேன். நீ என்னவென்றால் கடிதத்துக்குக் கடிதம் அவர் வாயால் எனக்கு வாழ்த்து அனுப்புகிறாய். உன் கடிதம் வரும்போதெல்லாம் அவர், "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்பார். "நீங்க நல்லா இருக்கீங்களாம்" என்பேன். தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடுவார்.

என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. ஒரே ஒருமுறை, "அந்தப் பையன் சிரிச்சான்" என்றார். அவ்வளவுதான்.

இந்தக் குளிரில் தனியாக அந்தப் பெட்டிக்குள் கிடந்து யாருக்கு எதை நிரூபிக்கிறாய்? உன்மேல் எனக்கு வரும் கோபத்துக்கு அளவில்லை. ஒரு போர்வை அனுப்புகிறேன்.

நடீன்


வண்டி முற்றம்
ஜனவரி 9, 2023

நடீனுக்கு,

போர்வை வந்தது. நன்றி.

நீயும் நல்ல அக்காதான். என் புருஷனைக் கீழறையில் ஒளித்து வைத்துக்கொண்டு, "வெண்டலுக்குச் சளி கட்டாமல் பார்த்துக்கொள்" என்று எனக்கு எழுதத் தெரிந்திருக்கிறதே. இரண்டு பேரும் என் கடிதத்தை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவியிருக்கிறீர்கள்.

என்ன நடந்தது என்று கேட்காமல் கேட்டாய். சொல்கிறேன்.

பழுதுபார்க்கும் அலுவலகம். ட்ரென்ட் இருந்தான், கணக்கு எழுதும் பெண் இருந்தாள், புதுவண்டி பார்க்க வந்த ஒரு ஜோடியும் இருந்தார்கள். பாகம் வர இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றான். வெண்டல், "பரவாயில்ல தம்பி, நாங்க காத்திருக்கோம்" என்றார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் "நீ" என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"அந்த வண்டில ஆணி இல்ல. உனக்கு முதுகெலும்பு இல்ல. ரெண்டையும் ஒரே ஃபாக்டரிலதான் பண்ணியிருப்பாங்க."

ட்ரென்ட் வாய்விட்டுச் சிரித்தான். அந்த ஜோடியும் சிரித்தார்கள். வெண்டல் என்னைப் பார்க்கவில்லை. அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டு போனார். அந்த முற்றத்தில் சத்தமில்லாமல் ஒழுங்காக மூடும் கதவு அது ஒன்றுதான்.

நான் சொன்னது தவறு என்று அப்போது தோன்றவில்லை. என் வாய்ச்சொல்லை எடுத்து ட்ரென்ட் சிரித்ததுதான் தாங்கவில்லை. அவனைத் திட்ட வைத்திருந்ததை அவனுக்கே விருந்தாக வைத்துவிட்டேன்.

இதை அவரிடம் படித்துக் காட்டாதே.

ரோண்டா


வண்டி முற்றம்
மார்ச் 6

வெண்டலுக்கு,

நீங்கள் நலமா? நான் நலம்.

குழாய்கள் குளிரில் வெடித்தன. சுவர் இன்னொரு பக்கமும் உப்பிவிட்டது. நான் மாநில அரசு வக்கீல் அலுவலகத்துக்குப் புகார் எழுதியதும் வண்டிக்கடை முதலாளிக்குத் திடீரென்று மனிதாபிமானம் பிறந்து, வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கட்டிய பணம் அநேகமாக முழுதும் வரும். வண்டி நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் போட்டு அனுப்பிவிடுங்கள். யார் எந்தக் காகிதம் நீட்டினாலும் போடுவீர்களே, இதையும் போடுங்கள்.

நெஞ்சுக்கு இதமாக ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

ரோண்டா


ப்ரோக்கன் போ
மார்ச் 15

ரோண்டாவுக்கு,

நான் நலம். உன் அக்காவும் நலம், இதை எழுதும்போது பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறார்.

காகிதம் கிடைத்தது. முழுதும் படித்தேன். வண்டி வாங்கும்போது நான் படிக்காமல் போட்டேன். அது உண்மை, நீ சொன்னது சரி. இதில் நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. இந்த வண்டியைப் பற்றி எவரிடமும், எக்காலத்திலும், நல்லதோ கெட்டதோ பேசமாட்டோம் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமாம். பேசினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

கடையில் நாங்கள் எத்தனையோ தடவை மட்டமான விதை விற்றிருக்கிறோம். முளைக்காத விதையை விவசாயி திருப்பிக் கொண்டுவருவான், நாலு கெட்ட வார்த்தை சொல்வான், பணத்தைக் கொடுப்போம். வெளியே போய் ஊரெல்லாம் சொல்வான். சொல்லட்டும். அது அவன் வயல், அவன் வாய். வாயை மூடிக்கொள் என்று எந்த விவசாயியிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. அப்படி வாங்குகிறவனுக்கு, இதே வண்டியை நாளைக்கு வேறொருவன் தலையில் கட்டும் எண்ணம் இருக்கிறது.

நீ கோபப்படுவாய். இந்தக் காகிதத்தை நேரில் திருப்பிக் கொடுக்க வருகிறேன். நீ என்னைச் சொன்ன அதே அறையில்.

வெண்டல்


சாலையோர விடுதி, இந்தியானா
ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். இந்தத் தடவை பொய் இல்லை.

வெண்டல் உன் வீட்டு ஆப்பிள் ஜாம் ஜாடியோடு வந்து இறங்கினார். நான் பஸ் நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டேன். "போடுங்கன்னா போடுங்களேன். எனக்கு அந்தச் சனியன் தொலைஞ்சா போதும். பேசவா போறோம்?" என்றேன்.

"நீயா பேசமாட்ட?" என்றார்.

அவர் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அலுவலகத்துக்குப் போனோம். அதே மேஜை, அதே தாடி. வெண்டல் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். "நாலாம் பக்கத்துல ஒரு பத்தி இருக்கு தம்பி. அத எடுத்துட்டா போடறேன்."

ட்ரென்ட் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான் அக்கா! "உங்களுக்குத்தான் தெரியுமே மேடம், சார் சும்மா ஏதோ..." என்றான். என்னைத் தன் கட்சி என்று நினைத்துவிட்டான்.

"அவர் சொன்னது காதுல விழுந்துச்சா? அத எடு" என்றேன்.

எடுக்கமுடியாது, கம்பெனி விதி, பிடிக்காவிட்டால் வண்டியை ஓட்டிக்கொண்டு போங்கள் என்றான். ஓட்டிக்கொண்டு போனோம். ரொம்ப தூரம் இல்லை. ரோட்டைத் தாண்டி எதிரே மெர்வின் ஹாக்ஸ்டெட்லர் வயல் வரைக்கும். மெர்வினிடம் வெண்டல்தான் போய்க் கேட்டார். "உழறதுக்கு இன்னும் நாள் இருக்கு. நிறுத்துங்க" என்றாராம். "என் குதிரை கட்டுற வண்டியே இதவிட நல்லா இருக்கும். ஜனங்க பாக்கட்டும்."

அந்தச் சனிக்கிழமைதான் அவர்களுடைய வசந்தகால விற்பனை. பலூன், பாட்டு, இலவச ஹாட் டாக். கார்கள் வந்து திரும்புகிற இடத்துக்கு நேர் எதிரே நம் மாளிகை, கதவைத் திறந்துபோட்டு நிற்கிறது. "வாங்கப்போகிறவர்கள் உள்ளே வந்து பார்க்கலாம்" என்று அட்டையில் எழுதி வைத்தேன். ஒரு திட்டு வார்த்தைகூட எழுதவில்லை.

அக்கா, அன்று வெண்டலை நீ பார்த்திருக்க வேண்டும். கவுண்டரில் நிற்பது போலவே படியோரம் நின்றார். "வாங்க, வாங்க. பாத்து, அந்தப் படி கழண்டு வரும். இந்தச் சுவர லேசா அமுக்கிப் பாருங்க, மெத்துன்னு இருக்கும். அம்மா, அந்த அலமாரியத் திறக்கணும்னா கதவக் கையில பிடிச்சுக்கோங்க, எங்க வெக்கறதுன்னு நான் சொல்றேன்." குரலை உயர்த்தவே இல்லை. நான் கத்தியிருந்தால் பைத்தியக்காரி என்று போயிருப்பார்கள். இந்த மனுஷனுடைய மரியாதைக்கு முன்னால் யாராலும் போகமுடியவில்லை.

மிச்சிகனிலிருந்து வந்த ஒரு பெண் என் தரையில் கால் வைத்ததும் கால் அமுங்கியது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுக்கு ஓட்டு" என்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் காரில் ஏறினார்கள். அந்தப் பக்கம் ஹாட் டாக் ஆறிக்கொண்டிருந்தது.

ட்ரென்ட் ஓடிவந்தான். "என்ன சார் இது கூத்து? எங்க பொழப்பக் கெடுக்கறீங்க!"

"நாங்க ஒண்ணும் சொல்லலயே தம்பி. வண்டிதான் சொல்லுது" என்றார் வெண்டல். "நாளைக்கும் இங்கதான் இருப்போம்."

மறுநாள் மதியம் முதலாளியே வந்தார். இத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் முகத்தையே பார்க்கிறேன். புதுக் காகிதம், அந்தப் பத்தி இல்லை. வெண்டல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயலில் நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தார். படித்து முடித்து, மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். முதலாளியின் பளபள ஷூ சேற்றில் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது தடவையும் முடித்துவிட்டு, "நீயும் படிச்சுக்கோ ரோண்டா" என்று என்னிடம் நீட்டினார். நானும் நிதானமாகப் படித்தேன்.

கையெழுத்துப் போட்டோம். சாவியைக் கொடுத்தோம். வண்டி ரோட்டைத் தாண்டுவதற்குள் அதன் படி கழன்று விழுந்தது. முதலாளி இறங்கி எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். அவர் கீழறையிலேயே இருக்கட்டும். எனக்கு உன் தையல் மிஷின் இருக்கும் அறையைக் கொடு. அன்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுச்சு" என்றார். சரி என்று சொல்லவில்லை. சொல்லும்போது சொல்லட்டும், எல்லாவற்றுக்கும் உடனே சரி சொன்ன மனுஷனைவிட இவர் எனக்குப் பிடித்திருக்கிறார்.

இந்த விடுதி அறையில் நேற்றுச் சாயங்காலம் குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெண்டல் பையிலிருந்து ஒரு குறடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றேன். "அது நம்மளுது இல்ல."

கையிலிருந்ததைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குழாய் அது பாட்டுக்குச் சொட்டியது, நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நேரில் பார்ப்போம். முழங்காலை வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்து நிற்காதே.

உன் தங்கை,
ரோண்டா